கறளோடு ஒரு வழக்கு

இரும்பைப் பிடிக்கும் நோய்க்கு யாழ்ப்பாணத்தில் ‘கறள்’ என்று பெயர். தமிழகத்தார் அதனைத் ‘துரு’ என்பர். எப்பெயரால் அழைப்பினும் அதன் குணம் ஒன்றே. ஓசையின்றி வரும்; உள்ளிருந்து தின்னும்; வெளியே தெரியும்பொழுது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமன்று. சோளகமும் வாடையும் மாறி மாறி உப்பைச் சுமந்து வருகின்றன. கிணற்றுக் கப்பி முதல் படலைப் பிணைச்சல் வரை இரும்பென்று பெயர் பெற்ற எதுவும் இந்தக் காற்றுக்கு வரி செலுத்தியே தீரவேண்டும்.

எங்கள் வீட்டுக் கொட்டிலில் அவ்வாறு வரி செலுத்திக்கொண்டு நின்றது ஒரு மொறிஸ் மைனர். 1959 ஆம் ஆண்டு வண்டி. என் தந்தையார் ஆசிரியராயிருந்த காலத்தில் கடன்பட்டு வாங்கியது. ஊரில் இரவு வேளையில் யாருக்கேனும் பிரசவ நோவு கண்டால், முதலில் தட்டப்படும் படலை எங்களுடையதாகவே இருந்தது. அந்தக் காரின் பின்னாசனத்தில் ஆசுபத்திரிக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

2020 ஆம் ஆண்டின் ஊரடங்கில் அது கொட்டிலுக்குள் போனது. 2022 இல் எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது அதனை வெளியில் எடுக்கும் எண்ணமும் எழவில்லை. பின்னொரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, நிறைக்கு விலை சொன்னார். வெளிநாட்டிலுள்ள மகனும், “குடுத்துவிடுங்கோ, அப்பா. அதுக்குக் காசைக் கொட்டிறது வீண்” என்று தொலைபேசியில் கூறினான். அவன் சொன்னது நியாயமான பேச்சு. என்னிடமிருந்தவை மாத ஓய்வூதியமும், மகளின் திருமணத்தின்பின் எஞ்சிய சிறு சேமிப்பும் மட்டுமே. ஆயினும் தந்தையாரின் காரைத் தராசில் ஏற்ற மனம் ஒப்பவில்லை. ஆகவே ஒரு பழைய மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அதன்பின் பத்து மாதங்களில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றேன். பழைய கார் வைத்திருப்போர்க்கு இது பயன்படக்கூடும்.

முட்டை வடிவக் கார்

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் முன் நிறுத்தப்பட்டது. உற்பத்திக்குச் சற்றுமுன், மாதிரி வண்டி மிக ஒடுக்கமாகத் தோன்றியமையால், அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார் என்பது மோட்டார் வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் தழும்பே. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரித்தானியாவில் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டிய கார் இதுவே. 1971 இல் அங்கு உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன.

அதன் சிறப்பே அதன் பலவீனமுமாகும். முந்திய கார்கள் பலவற்றில் கனத்த சட்டமொன்றின்மேல் உடல் தனியே அமர்ந்திருக்கும். மைனரில் உடலே சட்டம். கதவுகளின் கீழுள்ள வாசற்படிப் பெட்டிகள், தரைத்தகடு, முன்னாசனத்தின் கீழ்க் குறுக்கே ஓடும் பெட்டிச்சட்டம் ஆகியவை யாவும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. முன்சக்கரங்களின் முறுக்குத் தண்டுகள் அக்குறுக்குச் சட்டத்திலேயே பின்முனை பொருந்தியுள்ளன. ஆகவே இவ்வண்டியில் கறள் என்பது அழகைக் கெடுக்கும் மறுவன்று. அது முள்ளந்தண்டு நோய்.

திருப்புளி சொன்ன உண்மை

மெக்கானிக் அறுபது கடந்தவர். வண்டியைக் கண்டதும் முன்மூடியைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு சாக்கை விரித்து, கீழே படுத்து, கையிலிருந்த திருப்புளியால் அடித்தகட்டை அங்குமிங்கும் குத்தினார். நல்ல தகட்டில் ‘டங்’ என்று ஒலித்தது. சில இடங்களில் ஒலியே எழவில்லை; திருப்புளி உள்ளே போயிற்று.

“மாஸ்ரர், உங்கட கார் பெயின்ரில நிக்குது. தகட்டில இல்லை” என்றார்.

வலப்பக்கத்து வாசற்படியைச் சுரண்டியபோது வெட்கப்படத்தக்க உண்மை ஒன்று வெளிவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் நல்ல காசு கொடுத்துச் செய்வித்த ‘ரிங்கரிங்’ வேலை அது. ஓட்டைக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து, மேலே பட்டி அப்பி, தேய்த்து, பளபளவென்று வர்ணம் அடித்திருந்தார்கள். தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கறளுக்குத் தொட்டிலாயிற்று. நான் அன்று அந்தப் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்து காசைக் கொடுத்தவன்.

கறளின் தொழில் எளியது. இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் என்னும் மூன்றும் கூடினால் அது பிறக்கும். உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்துவதால், அவ்வேலை பன்மடங்கு விரைவில் நடக்கும். பிறந்த கறள் இரும்பைவிட அதிக இடம் கொள்வது. ஆகையால் மேற்பூச்சைக் கொப்புளமாகத் தள்ளி, புதிய ஈரத்துக்கு வழி திறந்துவிடும். கொப்புளத்தின்மேல் வர்ணம் பூசுவது புண்ணின்மேல் பட்டு உடுத்துவதற்கு ஒப்பாகும்.

எதற்கு முதற்காசு?

“இருக்கிற காசு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ. எதை இப்ப செய்யிறது, எதை விடுறது எண்டு நான் சொல்லுறன்” என்றார் மெக்கானிக். நான் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு கொப்பித் தாளில் வரிசை எழுதினார். நிறுத்துவன முதலில், திருப்புவன இரண்டாவது, தாங்குவன மூன்றாவது, ஓட்டுவன நான்காவது, வர்ணம் கடைசி. குறைந்த முதலுள்ளவன் பழைய காரைத் திருத்துவதற்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எங்கும் கண்டதில்லை. நம்மிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாகவே கொள்கிறோம்.

பிறேக்கிலிருந்து தொடங்கினோம். மைனரின் பிறேக் ஒரே குழாய்த் தொடரில் இயங்குவது. ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கு சக்கரமும் கைவிடும். அதன் தலைமை உருளை சாரதியின் காலடியில், தரைக்குக் கீழுள்ள சட்டத்தினுள் ஒளிந்திருக்கிறது. ஈரமும் சேறும் சேரும் இடம் அதுவே. உருளையின் இறப்பர் வளையங்களையும், கறள் கொண்ட குழாய்களையும் மாற்றினோம். இதில் மட்டும் மலிவு தேடவில்லை.

அடுத்தது முன்சக்கரங்கள் திரும்பும் மூட்டு. மேலும் கீழும் மரையுள்ள இரு மூட்டுகளில் சக்கரத் தண்டு திரும்புகிறது. கிறீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து வண்டி நிலத்தில் குந்திவிடும். மைனர் வைத்திருப்போர் அனைவரும் அஞ்சும் விபத்து இது. இதனைத் தடுப்பதற்கு வேண்டியது கிறீஸ் அடிக்கும் ஒரு துப்பாக்கியும் சிறிது பொறுமையுமே. சக்கரத்தை நிலத்தினின்றும் உயர்த்திப் பாரத்தை நீக்கியபின் அடிக்கவேண்டும். அப்பொழுதுதான் கிறீஸ் மரை முழுவதும் பரவும். உயர்த்திய சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டிப் பார்த்தால் தேய்வு கைக்குத் தெரியும். எங்கள் வண்டியில் இடப்பக்க மூட்டு தேய்ந்திருந்தது, மாற்றினோம்.

மூன்றாவது, கறள். இங்கேதான் என் உடலுழைப்பு காசுக்கு ஈடாயிற்று. கம்பித் தூரிகையும் சுரண்டியும் கொண்டு, நானும் மெக்கானிக்கிடம் தொழில் பழகும் பையனும் பல சனிக்கிழமைகளை அடித்தகட்டின் கீழ்க் கழித்தோம். வெண்ணிறமாக மின்னும் இரும்பு தோன்றும்வரை சுரண்டவேண்டும். சுரண்ட முடியாத நுண்குழிகளுக்குப் பொசுபோரிக்கமிலம் கலந்த நீர்மத்தைத் தடவினோம். அது எஞ்சிய கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றுகிறது. கழுவி, உலர்த்தி, அன்று மாலைக்குள்ளேயே முதற்பூச்சை அடித்தோம். நம் காற்றில் வெறுந்தகட்டை ஓரிரவு விட்டால், காலையில் மஞ்சட்சாயம் படர்ந்திருக்கும்.

உளுத்த பாகங்களை வெட்டிப் புதுத்தகடு காய்ச்சி ஒட்டுவது மெக்கானிக்கின் வேலை. அவர் கடைப்பிடித்த மூன்று விதிகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. வெட்டுமுன் கதவு நிலையின் குறுக்கே ஓர் இரும்புச் சலாகையைத் தற்காலிகமாக ஒட்டினார். இல்லையேல் உடல் நடுவில் தொய்ந்து கதவு மீண்டும் பூட்டாது. ஒரு பக்கத்தை முடித்தபின்பே மறுபக்கத்தைத் தொட்டார். பின்புறத்தில் நெருப்பு வைக்குமுன், பொதிப்பெட்டியின் கீழுள்ள பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்தார். பற்றறி இணைப்பையும் எடுத்துவிட்டார்.

வேலை முடிந்ததும் வாசற்படிப் பெட்டிகளிலும் கதவுகளின் அடியிலும் உள்ள சிறு துளைகளைக் காட்டினார். நீர் வடிவதற்கென்று தொழிற்சாலை விட்ட துளைகள் அவை. சேறு அடைத்து, அதன்மேல் வர்ணமும் மூடியிருந்தது. “இந்த ஓட்டையளை ஒரு கம்பியால குத்திவிட்டிருந்தா, மாஸ்ரர், இவ்வளவு செலவு வந்திராது” என்றார். அறுபதாண்டு வாழ்ந்த வண்டியைத் தின்றது கடல் மட்டுமன்று. எங்கள் கவனக்குறைவும் உடன்நின்று தின்றது.

மண்ணெண்ணெய் குடித்த இயந்திரம்

இயந்திரத்தைத் திறந்தபோது மெக்கானிக் சிரித்தார். வால்வுகளில் படிந்திருந்த கரியும் உருளைச் சுவரின் தேய்வும் அவருக்கு ஒரு காலத்தை நினைவூட்டின. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் எங்கள் மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலொன்றில் அருமையாகத் தேடிய பெற்றோலை ஊற்றி, குழாய்வழி காபரேற்றருக்கு விட்டு இயந்திரத்தை முடுக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடேறியபின் ஒருவாறு எரியும். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. புதிய வண்டிகள் கொட்டிலில் உறங்க, கிழவண்டிகள் நோயாளரைச் சுமந்தன.

ஆனால் விலையின்றி எதுவும் கிடைப்பதில்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழிறங்கி, மசகெண்ணெயையும் நீர்க்கச் செய்துவிடும். அதனால் வளையங்கள் தேய்ந்தன. 1993 இல் ஒரு மழையிரவில் அயலவர் பெண்ணொருத்தியை விளக்கணைத்து ஏற்றிப்போன என் தந்தையார், திரும்பி வந்து முதற்காரியமாக எண்ணெயை மாற்றியது எனக்கு நினைவுண்டு. “அது தன்னைக் குடுத்து ஓடுது, நாங்களும் ஏதும் குடுக்க வேணும்” என்றார்.

இயந்திரத்துக்குப் பெருஞ்செலவு வேண்டியிருக்கவில்லை. வளையங்களை மாற்றி, வால்வுகளை அரைத்துப் பொருத்தி, வால்வு இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காக வைத்தோம். பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25. விளக்குகள் மங்கியமைக்குக் காரணம் மின்பிறப்பாக்கியன்று. உடலோடு சேரும் மண்தொடர்பு ஆணியிலும் கறளே இருந்தது. அரத்தாளால் இருமுறை தேய்த்ததும் ஒளி வந்தது. இக்கார்களில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை மறந்து, புதுக்கருவி பூட்டிக் கெடுத்தவர் பலர்.

உதிரிப்பாகம் கிடையாது என்று எண்ணி மனந்தளர வேண்டியதில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த சார்ல்ஸ் வேயரின் மொறிஸ் மைனர் நிலையத்தோடு இணைந்து, இத்தீவிலேயே இக்காரின் உடற்தகடுகள் செய்யப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன. பிறந்த நாட்டுக்கே உறுப்பு வழங்கிய கைத்திறன் இங்கு இருந்திருக்கிறது. கவலைக்குரியது பாகமன்று, அதைப் பொருத்தும் கைகளே. மெக்கானிக்கிடம் பழகும் பையன் ஒருவனே. அவனும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

வரிசையின் கடைசி வரிக்கு வந்தபோது கையிற் காசு இல்லை. வர்ணம் அடிக்கவில்லை. செம்முதற்பூச்சின் திட்டுகளோடு வண்டி வேங்கைப்புலிபோல் நிற்கின்றது. ஒரு காலை அதைப் பண்ணைப் பாலத்தின்மேல் ஓட்டிச் சென்றேன். இருபுறமும் கடல். பிறேக்கை மிதித்தேன், நேராக நின்றது. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர், “என்ன மாஸ்ரர், காருக்கு அம்மையோ?” என்று கேட்டுச் சிரித்துப் போனார்.

வீடு திரும்பியதும் அடியை நல்ல தண்ணீரால் கழுவி, கம்பியொன்றால் துளைகளைக் குத்திவிட்டேன். பத்திரிகைத் தாளின்மேல் பூசிய பளபளப்புக்குக் கைநிறையக் காசு கொடுத்தவனுக்கு இப்போது அந்தச் சிவப்புத் திட்டுகளே அழகாய்த் தோன்றுகின்றன. அவற்றின் அடியில் தகடு இருக்கிறது.