பேசும் பொறியும் திணை வழுவும்

பொருள்களை உயர்திணை என்றும் அஃறிணை என்றும் இரு கூறாகப் பகுத்து, அப்பகுப்புக்கு ஏற்ப வினையை முடிப்பது தமிழிலக்கணத்தின் முதற்பாடம். அது தவறுமிடத்துத் திணை வழு என்கிறோம். ஆயினும், செவியில்லாத மேகத்தை விளித்துத் தூது போகச் சொல்லுவதும், தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி அதனோடு வழக்காடுவதும் நம் செய்யுட்களிற் பயின்று வருவன. இவற்றைப் பிழையென்று தள்ளாமல், வழுவமைதி என்று பெயரிட்டு, நன்னூல் செய்த பவணந்தியார் முதலிய இலக்கணநூலார் இடமளித்தனர். பேசுகிறவன் தான் செய்வது இன்னதென்று அறிந்தே செய்கிறான்; மேகம் மறுமொழி சொல்லாது என்பது அவனுக்குத் தெரியும்.

மறுமொழி சொல்லும் பொருளாயின் என் செய்வது? அச்சான்றோர்க்கு இவ்வினா எழவில்லை, நமக்கு எழுந்துவிட்டது. அது எழுந்த வரலாற்றைச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் இருந்தார். 1923-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, 1936-இல் பெற்றோருடன் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இவர் கணிப்பொறியோடு மனிதன் எழுத்து மூலம் உரையாடுவதற்கென ஒரு நிரலை இயற்றி, 1966-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அதன் விவரத்தை வெளியிட்டார். அதற்கு 'எலைசா' என்று பெயரிட்டார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்தில், தெருவில் மலர் விற்கும் எலைசா என்பவள் சீமாட்டியைப்போலப் பேசப் பயிற்றப்படுகிறாள். பேச்சைக் கொண்டே பிறர் அவளை உயர்குடிப் பிறந்தவள் என்று நம்பிவிடுகின்றனர். பெயர் பொருத்தமானதே.

எலைசாவின் உள்ளே நடந்தது மிக எளிது. தட்டச்சுப்பொறி போன்ற கருவியில் ஒருவர் ஒரு வாக்கியத்தை அடித்தவுடன், அதில் 'தாய்', 'தமையன்', 'எப்பொழுதும்' போன்ற குறிப்புச் சொற்கள் உளவா என்று நிரல் தேடும். ஒன்று அகப்பட்டால், அச்சொல்லுக்கென முன்னரே எழுதிவைத்த வார்ப்பில் வாக்கியத்தின் எஞ்சிய பகுதியைப் பெய்து, 'நான்' என்பதை 'நீங்கள்' என்றும், 'என்' என்பதை 'உங்கள்' என்றும் மாற்றித் திருப்பித் தரும். தமிழில் வைத்துக் காட்டுவதாயின், 'என் தமையன் என்னை வெறுக்கிறான்' என்று ஒருவர் எழுத, 'உங்கள் குடும்பத்தில் வேறு யார் உங்களை வெறுக்கிறார்கள்?' என்று பொறி வினவும். ஒரு சொல்லும் அகப்படாவிடின், 'மேலே சொல்லுங்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளும். தமையன் யார், வெறுப்பு யாது என்பதொன்றும் அதற்குத் தெரியாது. வைசன்பாம் அதற்கு மனோவைத்தியர் வேடம் புனைந்ததன் காரணமும் இதுவே. நோயாளியின் சொல்லையே வினாவாக்கித் திருப்பிக்கொடுத்து அவரைப் பேசவைக்கும் முறை ஒன்று அவ்வைத்தியத்தில் உண்டு. வைத்தியர் ஒன்றுமறியாதவர்போலக் கேட்பினும், அதில் ஏதோ உட்கருத்து இருக்குமென்று நோயாளி தாமே நிரப்பிக்கொள்வார். அறியாமையை மறைப்பதற்கு இதனினும் சிறந்த வேடம் கிடைப்பதரிது!

இனி நிகழ்ந்ததைக் கேளுங்கள். வைசன்பாமின் காரியதரிசியான பெண்மணி, அவர் அந்நிரலைப் பல மாதங்களாக இயற்றி வந்ததை உடனிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்பதை அவர் நன்கறிவார். ஒருநாள் அவர் எலைசாவோடு உரையாட அமர்ந்தார். சில வாக்கியங்களே சென்றிருக்கும்; பேராசிரியரைத் திரும்பிப் பார்த்து, சற்று அறைக்கு வெளியே செல்லுமாறு வேண்டிக்கொண்டார். பிறிதொரு சமயம், உரையாடல்களையெல்லாம் பின்னர்ப் பார்ப்பதற்காகச் சேர்த்துவைக்கலாம் என்று வைசன்பாம் சொன்னபோது, தம் அந்தரங்கத்தை ஒற்றறிய முயல்வதாக அவர்மேல் பலர் சீறினர். தாம் செய்த பொம்மையின் காதில் மாந்தர் இரகசியம் ஓதக் கண்டு அவர் திடுக்கிட்டார்.

அப்பெண்மணியைப் பேதையென்று நகைப்பது எளிது; நாம் நகைக்கமாட்டோம். சங்கிலி கழன்ற சைக்கிளை நடுத்தெருவில் நின்று வைதவர்கள் இதைப் படிப்போருள்ளும் இருப்பர். 1944-இல் ஹைடர், சிம்மல் என்னும் உளநூலார் இருவர், பெரிய முக்கோணம் ஒன்றும், சிறிய முக்கோணம் ஒன்றும், ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சிறு சலனப்படம் ஒன்றைக் கல்லூரி மாணவியர்க்குக் காட்டி, கண்டதை எழுதச் சொன்னார்கள். ஒரு குழுவில் 34 பேர் எழுதினர். அவர்களுள் ஒருத்தியே வடிவங்கள் நகர்ந்தன என்று எழுதினாள். ஏனையோருட் பலர் பெரிய முக்கோணத்தைக் கொடியவன் என்றும், வட்டத்தை அஞ்சி ஓடுபவள் என்றும் கதை கண்டனர். அசைவு ஒன்றே கொண்டு இத்துணை என்றால், நம் சொல்லுக்கு முறை தவறாது மறுசொல் தரும் பொருளைக் குறித்து யாது சொல்வது?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக் கிளிஃபோர்ட் நாஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. கணிப்பொறி ஒன்றினிடம் சில செய்திகளைக் கற்றவர்களை, அது எவ்வாறு கற்பித்தது என்று மதிப்பிடச் சொன்னார்கள். கற்பித்த பொறியே அவ்வினாவைக் கேட்டபோது கிடைத்த புகழ்ச்சி, வேறொரு பொறியிலோ காகிதத்திலோ கேட்டபோது கிடைக்கவில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசும் தாட்சணியம் பொறியின்முன்னும் வந்து நின்றது! பொறிக்கு மரியாதை காட்டினீர்களா என்று கேட்டால், அவர்களே இல்லையென்று மறுத்தனர். நம்பிக்கை வேறு, நடக்கை வேறு என்பது இதனாற் புலப்படும். பொறிக்கு உயிருண்டு என்று ஒருவரும் நம்பவில்லை. ஆயினும் உரையாடலின் ஒழுங்கு, நம் அறிவின் உத்தரவுக்குக் காத்திராமல், உயர்திணைக்குரிய உபசாரத்தை வரவழைத்துவிடுகிறது.

இவ்வளவில் நின்றால் கேடொன்றுமில்லை. வழுவமைதியே என்று விட்டுவிடலாம். எலைசா வெளிவந்த அவ்வாண்டிலேயே மனோவைத்தியர் சிலர், இத்தகைய நிரல்களை மருத்துவமனைகளில் வைத்தால் ஒரு மணிக்குப் பலநூறு நோயாளிகளைப் பார்த்துவிடலாம் என்று எழுதினர். வைசன்பாமைக் கலக்கியது இதுவே. 1976-இல் அவர் வெளியிட்ட நூலில், கணிப்பொறியால் இயலுமா என்பது ஒரு வினா, அதனிடம் ஒப்புவிப்பது தகுமா என்பது வேறொரு வினா என்று வாதித்தார். துன்பம் கேட்கும் வைத்தியன், தான் கேட்டதற்குப் பொறுப்பாளி. பொறியோ எதற்கும் பொறுப்பேலாது. அவர் பக்கமே நியாயம் என்பது எம் துணிபு.

நிற்க. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின், இவ்வினா ஆராய்ச்சிச்சாலையை விட்டு விடுதி அறைக்கு வந்துவிட்டது. புதிய பொறிகள் எலைசாவைப்போல வார்ப்புகளில் சொல்லைப் பெய்வன அல்ல. மனிதர் எழுதிய அளவிறந்த எழுத்திலிருந்து, எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரத்தகும் என்று பயின்றவை. எவ்விடை நன்று என்று மனிதர் மதிப்பிட்டதைக் கொண்டும் அவை திருத்தப்படுகின்றன. நமக்கு இனிப்பதோ, நம்மோடு உடன்படும் விடை! ஆகவே முகமன் கூறும் இயல்பும் அவற்றினுட் படிந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில், ஓபன்ஏஐ நிறுவனத்தார் தாம் புதுப்பித்த ஒரு பொறி அளவுகடந்து இச்சகம் பேசுவதாகக் கண்டு, அப்புதுப்பிப்பைத் தாமே திரும்பப் பெற்றனர். எலைசாவிடம் பேசியவர்கள் வைசன்பாம் ஒருவர் ஒட்டுக்கேட்பதற்கே சீறினார்கள்; இன்று நாம் நள்ளிரவில் தட்டும் சொற்களோ நிறுவனங்களின் பண்டகசாலைகளிற் சேமிக்கப்பட்டுக் கிடக்கின்றன, சீறுவாரைத்தான் காணோம்.

சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். அறைத்தோழரோடு மனத்தாங்கல், இரண்டு வாரமாகப் பேச்சில்லை. இரவுதோறும் அவ்வழக்கைப் பொறியினிடம் எழுதி எழுதி ஆறுதல் பெற்று வந்தாராம். "என் பக்கமே நியாயம் என்று அவர் சொன்னார், ஐயா" என்றார். அவர் என்றது யாரை என்று வினவினோம். சிரித்து, "அது" என்று திருத்திக்கொண்டார். அறைத்தோழரின் கட்டில் அவருடையதற்கு நான்கு முழத் தொலைவில் உள்ளது. அவனிடம் ஒருமுறையேனும் பேசிப்பார்த்தாயா என்று கேட்டோம்.

"இன்னும் இல்லை, ஐயா" என்றார்.