தொப்புளுக்கு ஒரு புது வாசல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பிள்ளை பெற்ற மகளின் வயிற்றை உம்மாமார் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். நாற்பது நாள் முடிவதற்குள் வயிறு உள்ளே போய்விடும் என்று நம்பிக்கை. கட்டு இடுப்புக்கு ஆறுதல்தான். ஆனால், நாலாவது பிள்ளையோடு நன்றாக விலகிப்போன வயிற்றுத் தசை துணிக்கட்டால் சேராது. தோல் தொங்கும், தொப்புள் பிதுங்கும்.

இதற்கான 'டம்மி டக்' சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு இப்போது எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இந்த வயிற்றை வெளியாள் யார் பார்க்கப் போகிறார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குளிக்கும்போது அவள் பார்க்கிறாளே!

அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு வெட்டி, தோலை விலா வரை கிளப்பி, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை எடுத்துவிட்டு மீதியைக் கீழே இழுப்பார்கள். தொப்புள் மட்டும் நகர்வதில்லை. அதைச் சுற்றி வெட்டி, தண்டோடு வயிற்றுச் சுவரிலேயே விட்டுவிடுவார்கள். இறங்கி வரும் தோல் அதை மூடிவிடும். அதற்கு நேர் மேலே புது வாசல் திறந்து, தொப்புளை வெளியே எடுத்துத் தைக்க வேண்டும். இந்த முறையை வெர்னன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1957இல் எழுதினார்.

சிக்கல் இந்த வாசலில்தான். வட்டமாக வெட்டி வட்டமாகத் தைத்தால், தழும்பு ஆறும்போது சுருக்குப்பையின் வாய்போல இழுபட்டுச் சுருங்கும். பார்த்தவுடனே 'செய்தது' என்று தெரிந்துவிடும். எந்தத் தொப்புள் அழகாகத் தெரிகிறது என்று தேடிய ஆய்வொன்று 2000இல் வெளிவந்தது: சிறியதாக, மேலிருந்து கீழாக நீண்டு, மேல் விளிம்பில் தோல் சற்றுக் கவிந்திருப்பது. அதனால் தேர்ந்த கைகள் வட்டத்தைத் தவிர்க்கின்றன. நெடுக்காகவோ, கவிழ்த்த 'ப' போலவோ வெட்டி, சுற்றியுள்ள கொழுப்பைக் கொஞ்சம் குறைத்து, தோலின் விளிம்பை உள்ளே வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கிறார்கள். தோல் குழிந்து நிழல் விழும். தையலும் குழிக்குள் மறையும்.

தொப்புளில் முன்பு ஹேர்னியா சத்திரசிகிச்சை செய்திருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்டுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். நீரிழிவும் புகைப்பழக்கமும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். இனிப் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்கள் பொறுத்திருப்பதே நல்லது. அந்த டொக்டர் முன்பு செய்த தொப்புள்களின் படங்களைக் கிட்டத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் தொப்புள் குழிக்குள் வியர்வை தங்கும். காயம் ஆறும்வரை, டொக்டர் சொன்ன விதத்தில் துடைத்து, ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். தழும்பின் சிவப்பு மங்க ஒரு வருடம்கூட ஆகலாம்.