மண் ஒட்டிய கிழங்கு

கிழக்குக் கரையில் எங்கள் இலங்கைத்துறைப் பக்கம் கிழங்கு என்றால் மரவள்ளியும் வற்றாளையும்தான். உருளைக்கிழங்கு வெளியூர்ச் சாமான். பாலங்கள் வருமுன் மூட்டை 'பாதை' என்ற மிதவையில் ஏறி ஆறு கடந்து வரும். விருந்தாளி வந்தால்தான் பால்கறி. தை, மாசியில் யாழ்ப்பாணக் கிழங்கு. மற்ற மாதங்களில் நுவரெலியா, வெலிமடை.

மலைநாட்டில் அதற்குக் குளிர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் பேக்கர் அங்கே நட்டுப் பார்த்துவிட்டார். வெயில் கொளுத்தும் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்கு அது வந்ததுதான் விசித்திரம். 1960களின் பிற்பகுதியில் இறக்குமதி தடைப்பட்டது, விலை ஏறியது, யாழ்ப்பாணத்தான் விடுவானா? மார்கழிப் பனியைக் கணக்குப் பண்ணினான். ஒல்லாந்து விதைக்கிழங்கை முளைவிட வைத்து, கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்ணில் நட்டு, மிசின் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, மண் அணைத்து, மூன்று மாதத்தில் கிண்டி எடுத்தான். 1977இல் இறக்குமதி திறந்தபோது மிளகாயும் வெங்காயமும் அடிபட்டன. உருளைக்கிழங்கு தப்பியது, அதற்கு அனுமதிப்பத்திரக் கட்டுப்பாடு நீடித்தது.

பிறகு 1995 ஒக்டோபர் 30. நடுகைக்குக் காணி பண்படுத்தும் நேரத்தில் வலிகாமமே போருக்கு அஞ்சி மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றது. அடுத்த வருடம் சனம் திரும்பி வந்து வரம்பைப் பார்ப்பதற்குள், 1996இல், அந்தக் கட்டுப்பாடும் போனது. மலைநாட்டு விவசாயிக்கும் அதே அடிதான். ஆனால் அவனுக்குக் காணியாவது கையில் இருந்தது.

இன்று யாழ்ப்பாணத்தில் மறுபடி நடுகிறார்கள். விதைக்கிழங்கு இப்போதும் பெரும்பாலும் கப்பலில்தான் வரவேண்டும். அது பிந்தினால் பனிக்காலம் காத்திருக்காது.

எங்கள் பக்கம் இப்போது ஆற்றுக்கெல்லாம் பாலம். உருளைக்கிழங்கு அன்றாடக் கறி. கடையில் பெரும்பாலும் பாகிஸ்தான், இந்தியக் கிழங்கு. உள்ளூர்க் கிழங்குக்கு விலை கூட. வாங்குகிறவர்கள் தோலில் மண் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இது தெரிந்த வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? இறக்குமதிக் கிழங்கில் செம்மண் பூசி நுவரெலியாக் கிழங்கு என்று விற்றவர்களைத் தம்புள்ளையில் நுகர்வோர் அதிகார சபை பிடித்திருக்கிறது. வெளிநாட்டுக் கிழங்குக்கு நம் மண்ணில் ஒரு பிறப்புச் சாட்சிப்பத்திரம்!

போன கிழமை நானும் ஒரு கிலோ மண் கிழங்கு வாங்கினேன். சட்டியில் போட்டதும் தண்ணீர் சிவந்தது. ஒரே கழுவலில் தோல் வழுவழுவென்று வெளுத்துவிட்டது. கண்குழிக்குள் ஒரு துணுக்கு மண்கூட இல்லை.