பதினேழாம் தெருவில் மூன்று வீடுகள்

மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் ஒன்றாக ஒட்டவைத்து வளர்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். கலப்புச் செல் பெருகப் பெருக, மனிதக் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும், எலியுடையவை தங்கிவிடும். 1980களில் மரபணுக்களின் கதவு எண்ணைக் கண்டுபிடிக்க இந்த வேடிக்கைதான் கைகொடுத்தது. எந்த மனிதக் குரோமோசோம் மிஞ்சிய செல்களில் மட்டும் ஒரு மரபணு தென்படுகிறதோ, அங்கேதான் அதன் வீடு.

அப்படித் தேடப்பட்டவற்றில் உட்கரு ஏற்பிகளின் மரபணுக்களும் உண்டு. செல்லுக்குள் வரும் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு, டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, மற்ற மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ செய்யும் புரதங்கள் இவை. மனிதரிடம் 48 உண்டு. எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் வீடுகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

17ஆம் குரோமோசோமில் மட்டும் மூன்று பேர் ஒரே தெருவில். முதலில் தைராய்டு ஹார்மோன் ஏற்பி ஆல்ஃபா. அதன் வாலை மிதித்தபடி ரெவ்-எர்ப் ஆல்ஃபா. உடலின் இரவு பகல் கடிகாரத்தில் இதற்கு வேலை. மிதிப்பது நிஜம்தான்: ஓரிடத்தில் இரண்டுக்கும் ஒரே டி.என்.ஏ. துண்டு. ஓர் இழையில் இவர், எதிர் இழையில் எதிர்த்திசையில் அவர். இன்னும் சுமார் 2 லட்சம் எழுத்து தள்ளிப் போனால், வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பி ஆல்ஃபா.

3ஆம் குரோமோசோமில் இதே மூவரின் பீட்டா வடிவங்கள் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன! சுண்டெலியில் எண்கள் 11, 14 என மாறுகின்றன, கூட்டு கலையவில்லை. நாமும் எலியும் பிரிந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டு ஆகிறது. முதுகெலும்பிகளின் தொடக்க காலத்திலேயே ஒரு முழுத் தெரு அப்படியே படியெடுக்கப்பட்டிருக்க வேண்டும். 12ஆம் குரோமோசோமில் மூன்றாவது ரெட்டினாயிக் அமில ஏற்பி தனியாள். அதன் பழைய கூட்டாளிகள் வழியில் தொலைந்திருக்கலாம்.

பதினேழாம் தெருவுக்கு மருத்துவமனையிலும் ஒரு கதை உண்டு. ஒருவகைக் கடும் ரத்தப் புற்றுநோயில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்வதை 1977இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி கண்டார். ஷாங்காயில் மருத்துவர் வாங் சென்யியின் குழு இதே நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து, நோய் அடங்குவதை 1988இல் அறிவித்தது. ஏன் பலிக்கிறது என்று அப்போது பிடிபடவில்லை. 1990இல் உடைந்த இடத்தைப் படித்துப் பார்த்தார்கள். 17இல் வெட்டு விழுந்திருந்தது, ரெட்டினாயிக் அமில ஏற்பி ஆல்ஃபாவின் மரபணுவுக்குள்ளேயே.