இல்லத்தை நடத்தும் தந்தை

'இல்லாள்' என்பது நம் தமிழ் மொழியில் மதிப்பு மிகுந்த சொல். இல்லத்திற்கு உரியவள், அதனை ஆள்பவள் என்பது அதன் பொருள். அதே சொல்லை ஆண்பாலாக்கி 'இல்லான்' என்று சொல்லிப் பாருங்கள். பொருள் அடியோடு மாறிவிடுகிறது. ஒன்றும் இல்லாதவன், வறியவன் என்றே உலகம் பொருள் கொள்ளும். வீட்டில் இருந்து வீட்டை நடத்தும் ஆண்மகனுக்குப் பெயர் சூட்ட வேண்டிய தேவை நம் முன்னோர்க்கு நேரவில்லை போலும். அந்தப் பெயரில்லாத தொழிலைத்தான் கடந்த எட்டு ஆண்டுகளாக நான் தாம்பரத்தில் செய்து வருகிறேன். மனைவி பணிக்குச் செல்கிறார். இரு குழந்தைகளையும் அடுப்பையும் கணக்குப் புத்தகத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தொழிலின் இயல்பையும் அதில் அடங்கிய பொருளாதாரத்தையும் பற்றி நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

என் போன்றோர் மிகச் சிலரே என்று எண்ண வேண்டா. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையே தம் முதன்மைத் தொழில் என்று கூறிய பெண்கள் ஏறக்குறைய 15 கோடியே 98 லட்சம் பேர். அவ்வாறே கூறிய ஆண்கள் ஏறக்குறைய 58 லட்சம் பேர். பெண்களின் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். எனினும் ஒரு பெருநகரத்தை நிரப்பத் தக்க கூட்டம் அது.

தாம்பரம் இயல்பாகவே பிழைப்புக்காக வெளியே சென்று திரும்புவோரின் ஊர். 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அது முதல், காலையில் வடக்கே சென்று மாலையில் தெற்கே திரும்புவது இவ்வூராரின் வாழ்க்கை ஒழுங்காகிவிட்டது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஊர் பெருகப் பெருக, கணவன் மனைவி இருவரும் அந்த ரயிலையே நம்பி வாழும் குடும்பங்களும் பெருகின. நாங்களும் அவ்வாறு இருந்தவர்களே. இரண்டாம் குழந்தை பிறந்து மனைவியின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடியும் தறுவாயில், 'இனி வீட்டில் இருப்பவர் யார்?' என்னும் கேள்வி எழுந்தது.

இக்கேள்விக்கு விடை காணப் பெரும்பாலோர் சம்பளப் பட்டியலைப் பார்ப்பார்கள். அது மட்டும் போதாது. வேலைக்குச் செல்வதற்கு ஆகும் செலவையும் அதனருகே எழுதிப் பார்க்க வேண்டும். அந்நாளில் என் கைக்கு வந்த சம்பளம் மாதம் 24,000 ரூபாய். கைக்குழந்தைக்குக் காப்பகம் 7,000. மூத்தவனைப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள 3,000. சமையலுக்கு ஓர் அம்மாளை அமர்த்தினால் 4,500. என் போக்குவரத்தும் வெளியுணவும் 3,500. ஆக 18,000 ரூபாய் போய்விடும், மிஞ்சுவது 6,000. மனைவியின் சம்பளமோ என்னுடையதினும் மிகுதி. பதவி உயர்வுக்கும் அதில் இடமுண்டு. ஆயினும் மற்றொரு பக்கத்தையும் எழுதினோம். வேலையை விடுபவர் ஆண்டுதோறும் ஏறும் ஊதிய உயர்வை இழக்கிறார். சேமநல நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை இழக்கிறார். பிற்காலத்தில் மீண்டும் வேலை தேடும்போது, கழிந்த ஆண்டுகளை அனுபவமாக எவரும் மதிப்பதில்லை. இன்றைய 6,000 ரூபாயைவிட இந்த இழப்பு பெரிது. இரண்டையும் தெரிந்துகொண்டே நாங்கள் முடிவு செய்தோம். வீட்டில் இருக்கப்போகிறவர் ஆணாயினும் பெண்ணாயினும், இந்த இரண்டு பக்கங்களையும் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்தலாகாது.

இனி வீட்டுக் கணக்கிற்கு வருவோம். குடும்பச் செலவை நான் நான்கு கூறாகப் பிரிக்கிறேன். பால், காய்கறி போன்ற நாட்செலவு ஒன்று. வாடகை, மின்சாரம், எரிவாயு, பள்ளி வண்டி போன்ற மாதச் செலவு மற்றொன்று. ஆண்டுச் செலவு மூன்றாவது. எதிர்பாராச் செலவு நான்காவது. முதல் இரண்டையும் எல்லோரும் கவனிக்கிறார்கள். குடும்பங்களைக் கடனில் தள்ளுபவை பெரும்பாலும் பின்னைய இரண்டே.

ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் வரும் என்பதும், ஐப்பசியில் தீபாவளி வரும் என்பதும் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தே வரும் செலவை 'திடீர்ச் செலவு' என்று சொல்லிக் கடன் வாங்குகிறோம். பள்ளிக் கட்டணம், பண்டிகை, வண்டிக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஒருசேரக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துவிட்டால், அந்த ஈவே மாதந்தோறும் ஒதுக்க வேண்டிய தொகை. ஆண்டுக்கு 96,000 ரூபாய் ஆகுமானால் மாதம் 8,000. அதனைத் தனியொரு வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சொந்த வீடுடையோர் சொத்து வரியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். நம் மாநிலத்தில் அது அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்தப்படுவது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்ச அளவு 5,000 ரூபாய். பணம் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தால்தான் அந்தச் சலுகை கைக்கு எட்டும்.

வீட்டில் ஒருவர் கண்ணும் கருத்துமாக இருப்பதால் விளையும் பயனுக்கு மின்கட்டணத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை மின்அளவு எடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலை நோக்குங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம் 225 ரூபாய். அடுத்த 200 யூனிட்டுக்கு நாலரை ரூபாய் வீதம் 900. இறுதி 100 யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 600. ஆக 1,725 ரூபாய். அவ்வீட்டிலேயே 501 யூனிட் ஆகிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த கட்டணம் பறிபோய், அவற்றிற்கும் நாலரை ரூபாய் விழும். 501ஆம் யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் மிகுதி! கட்டண வீதம் காலத்திற்கேற்ப மாறும். எல்லையைக் கடந்தால் பழைய யூனிட்டுகளின் விலையும் ஏறும் என்னும் அமைப்பைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அளவு எடுத்துச் சென்ற நாளிலிருந்து முப்பதாம் நாளிலும் நாற்பத்தைந்தாம் நாளிலும் மீட்டரைப் பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். கத்திரி வெயில் நாட்களில் எல்லை நெருங்கினால், இஸ்திரி போடுவதைச் சில நாள் தள்ளிவைப்போம். குளிர்சாதனப் பொறியை இரவில் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்துவோம். காலையில் ஓடி இரவில் திரும்பும் இருவர் உள்ள வீட்டில் இதற்கெல்லாம் பொழுது ஏது?

எதிர்பாராச் செலவைப் பற்றித் தாம்பரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளை மூழ்கடித்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பணம் வழங்கும் பொறிகள் இயங்கவில்லை. வங்கியில் ஆயிரக்கணக்கில் இருப்பு வைத்திருந்தவர்களும் பால் பாக்கெட் வாங்கச் சில்லறை தேடினார்கள். ஆகவே எதிர்பாராச் செலவுக்கான பணத்தை மூன்று நிலையில் வைக்க வேண்டும் என்பேன். ஒரு வாரத்துக்கு வேண்டிய ரொக்கம், சிறு நோட்டுகளாக வீட்டில் இருக்கட்டும். இரண்டு மாதச் செலவுக்குரிய தொகை, நினைத்தபோது எடுக்கும் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மேலும் நான்கு மாதத்துக்கு உரியது வைப்புநிதியில் இருக்கட்டும். ஒருவர் சம்பளத்திலேயே ஓடும் குடும்பத்துக்கு இந்த ஆறு மாதப் பாதுகாப்பு இன்றியமையாதது. ஏனெனில், அந்த ஒரு சம்பளம் நின்றால் மற்றொன்று தாங்காது. வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், காப்பீட்டு ஆவணம் ஆகியவை நீர்புகாத உறையில் பரண்மேல் இருக்க வேண்டும் என்பதையும் அந்த வெள்ளமே கற்பித்தது.

இவ்வளவு வேலைக்கும் மதிப்பு என்ன? இதற்கு நம் நீதிமன்றங்கள் விடை தேடியிருக்கின்றன. விபத்தில் உயிரிழந்த இல்லத்தரசி ஒருவரின் குடும்பத்துக்கு இழப்பீடு பற்றிய வழக்கில், 2009ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் மூன்று வழிகளை எடுத்துரைத்தது. அவர் வீட்டில் இராமல் வெளியே சென்றிருந்தால் எவ்வளவு ஈட்டியிருப்பார் என்று கணக்கிடுவது ஒரு வழி. இல்லறத்தைச் சமபங்குக் கூட்டாகக் கொண்டு, சம்பாதிப்பவரின் வருவாயில் பாதியை மதிப்பாகக் கொள்வது இரண்டாம் வழி. அவர் செய்த வேலைகளுக்கு ஆள் அமர்த்தினால் எவ்வளவு கூலி ஆகும் என்று பார்ப்பது மூன்றாம் வழி. 2023 ஜூன் மாதத்தில் அதே நீதிமன்றம், கணவர் ஈட்டிய பணத்தால் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணிய மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற, குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு அரசு 'உரிமைத் தொகை' என்றே பெயரிட்டது. உதவி என்றோ நன்கொடை என்றோ சொல்லாமல் உரிமை என்று சொன்னது கருதத்தக்கது.

மதிப்பு உண்டு என்பது தெளிவாயிற்று. ஆனால் அம்மதிப்பு வீட்டை நடத்துபவரின் கையில் பணமாக வந்து சேர்வதில்லை. இத்தொழிலின் பெரிய இடர் இதுதான். தன் பெயரில் வருவாய் இல்லாதவருக்கு முதுமையில் ஓய்வூதியம் இல்லை. துணைவர் திடீரென மறைந்தால் வங்கிக் கணக்கே முடங்கிப்போகலாம். மனவேற்றுமை நேர்ந்தால் கையில் காசின்றி நிற்க நேரும். நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக இந்த இடரோடுதான் வாழ்ந்தார்கள். கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் அவர்கள் மறைத்து வைத்த நாணயங்களின் பொருள், நான் அவர்கள் இடத்தில் நின்றபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. சிக்கனத்தோடு ஓர் அச்சமும் அந்த டப்பாவில் இருந்தது.

அந்த அச்சத்தை நீக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. சம்பளம் வந்து சேரும் கணக்கை, இருவரில் எவரும் இயக்கும் கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்வது முதலாவது. எல்லா வைப்புகளிலும் காப்பீடுகளிலும் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்வது அடுத்தது. சம்பாதிப்பவரின் உயிருக்குப் போதிய காப்பீடு எடுப்பது மூன்றாவது. வீட்டில் இருப்பவரின் பெயரில் பொதுச் சேமநல நிதிக் கணக்குத் தொடங்குவது நான்காவது. இக்கணக்கு 15 ஆண்டு காலத்தது. ஒருவர் பெயரில் மட்டுமே தொடங்கக் கூடியது. பொதுவாக, மனைவி கொடுத்த பணத்தைக் கணவன் முதலீடு செய்து வட்டி பெற்றால், அந்த வட்டி மனைவியின் வருமானத்தோடு சேர்த்தே வரிக்குக் கணக்கிடப்படும். மனைவி முதலீடு செய்தாலும் அவ்வாறே. சேமநல நிதியின் வட்டிக்கு வருமான வரி இல்லாமையால் அந்தத் தொல்லை இங்கு இல்லை. எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் கணக்குப் புத்தகத்தோடு அமர்கிறோம். செலவு எழுதுபவன் நான். ஆயினும் எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். கேட்டு வாங்குவதும் இல்லை. கொடுத்து ஏறிட்டுப் பார்ப்பதும் இல்லை.

ஊரார் சொல்லையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலையூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், பையோடு நான் காய்கறிக்குப் புறப்படும்போதெல்லாம், "என்ன தம்பி, இன்றைக்கும் லீவா?" என்று பரிவோடு கேட்பார். "இல்லை ஐயா, டியூட்டியில்தான் இருக்கிறேன்" என்று சொல்வேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அந்தக் கேள்வியில் பகை இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஒரு நாளில் ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 100க்கு 81 பேர் என்றும், ஆண்கள் 26 பேர் என்றும் கண்டது. ஈடுபட்டவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 100 ஆண்களில் 74 பேர் அடுப்படிப் பக்கமே போகாத நாட்டில், நடுப்பகலில் ஓர் ஆண் கீரைக்கட்டோடு நின்றால் விடுமுறை என்றுதானே நினைப்பார்கள்?

எல்லா ஆண்களும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் அமர வேண்டும் என்பது என் கருத்தன்று. பல குடும்பங்களுக்கு இரு வருவாய் இன்றியமையாதது. பல குடும்பங்களில் தாயே இல்லத்தில் இருக்க விரும்புவார். யார் இருக்கிறார் என்பது அவரவர் குடும்பத்தின் முடிவு. இருப்பவர் எவராயினும் அவர் குடும்பத்தின் பங்காளி. அவர் பெயரிலும் சேமிப்பு இருத்தல் வேண்டும். அவர் உழைப்பும் கணக்கில் ஏறுதல் வேண்டும். நேயர்கள் இன்று இரவே, வீட்டை நடத்தும் தங்கள் துணைவரோடு அமர்ந்து, அவர் பெயரில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாக. அந்தத் தாள் வெறுமையாக இருக்குமானால், அதில் முதல் வரியை எழுதுவதற்கு ஏற்ற மாதம் இந்த மாதமே.