நாக்குக்கு முன் மூக்கு

வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து, போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். கில் மோரோ, ஃபிரெடெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியூ ஆகியோர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இது. முகர்ந்து பார்த்த மாணவர்கள், பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கே உரிய மணங்களை எழுதித் தந்தார்கள். இதைச் சொல்லி ஒயின் சுவைஞர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. பயிற்சி பெற்ற மூக்கையும் கண் முந்திக்கொள்ளும் என்பதுதான் இதில் தெரியும் உண்மை.

கண்ணைப் போலவே விலையும் முந்திக்கொள்கிறது. கலிபோர்னியாவில் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியது என்று கேட்டதும் குடித்தவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்தது. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் ருசித்திருக்கிறார்கள். ஆகவே ஒயின் ஆலைக்குப் போகிறவர்கள், விலையையும் வழிகாட்டியின் வர்ணனையையும் கேட்பதற்கு முன்பே முகர்ந்துவிடுவது நல்லது.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்துதான். மற்றதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் மணம். சளி பிடித்தால் ரசம் ருசிக்காமல் போவது இதனால்தான். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் சுழற்றினால், ஒயினின் பரப்பு விரிந்து மணம் எழும். குறுகிய வாய் அதைத் தேக்கி வைக்கும். அதிகம் குளிர்ந்த ஒயினில் மணம் அவ்வளவாக எழாது. சுவைக்கப் போகும் நாளில் சென்ட் வேண்டாம், பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும்.

ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வரும் என்பார்கள். அது வெறும் வர்ணனை இல்லை. ரோட்டண்டோன் என்ற சேர்மமே அதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் அறிவித்தார்கள். நம் மிளகிலும் இருப்பது அதே சேர்மம். ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த வாசனை எட்டுவதே இல்லை. உங்களுக்கு மிளகு தெரியவில்லை என்றால் கூச்சப்பட ஒன்றுமில்லை; உங்கள் மூக்கின் அமைப்பு அப்படி.

சிவப்பு ஒயின் வாயை உலர்த்துவது, சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்றே சொல்லலாம். திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வரும் டானின்கள், எச்சிலின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வழவழப்பு குறைகிறது. அடுத்தடுத்துக் குடித்தால் இது கூடிக்கொண்டே போகும். அதனால் வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்கு வாருங்கள். இடையே தண்ணீரும் கொஞ்சம் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயின் ஆலைக்கு அறுவடை நேரத்தில் போனால் பார்க்க நிறைய இருக்கும். போர்தோவில் அது செப்டம்பர், அக்டோபர். நாசிக்கில் மழை ஓய்ந்தபின் கொடியைக் கவாத்து செய்வதால் ஜனவரி முதல் மார்ச் வரை.

சுவைக்கும் மேசையில் ஒரு படிக்கம் இருக்கும். தொழில்முறைச் சுவைஞர்கள் அதில் துப்பிவிடுவார்கள்; அது அவமரியாதை ஆகாது. துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடலில் சேரத்தான் செய்யும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குடிக்காதவர்களுக்கு, முகர்ந்து பார்த்தாலே ருசியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். சுவைத்தவர்கள், திரும்பும்போது வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.