விலாசம் மாறிய அங்கத்தினர்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செல்வம் எது என வினவினால், பங்கு மூலதனம், சேமநிதி, சொந்தக் கட்டடம் என்று பலரும் அடுக்குவர். அங்கத்தினர் பதிவேட்டைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. ஆயினும் சங்கம் என்பது அங்கத்தினரேயன்றி வேறில்லை. அவர்கள் இருக்குமிடம் அறியாத சங்கம், அவர்களுக்குரிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்க வழியின்றி நிற்கும்.

வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் இக்குறை எளிதில் நேரக்கூடியது. தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றின் எல்லைகளும் இதற்கு அண்மையில் உள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கின்றன. ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் வேப்பனப்பள்ளி. சட்டமன்றத் தொகுதியின் பெயரோ வேப்பனஹள்ளி. கிருஷ்ணப்பா என்றும் முனியம்மா என்றும் பெயர் கொண்டோர் ஒரு சங்கத்திலேயே பலர் இருப்பர். மாந்தோப்பும் தறியும் ஊரிலிருக்க, பிழைப்பின் பொருட்டு ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்வோர் ஏராளம்.

குடிபெயராதவருக்கும் விலாசம் மாறியதுண்டு. இப்பகுதி சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் தருமபுரி மாவட்டத்திற்குச் சென்றது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. வீட்டுப் படியை விட்டு இறங்காமலே ஒரு முதியவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார்!

ஒரே மாதிரியான ஊர்ப்பெயர்களாலும் பல மொழி எழுத்துகளாலும் நேர்ந்த குழப்பத்தை நீக்கவே, 1972 ஆகஸ்டு 15இல் ஆறு இலக்கத் தபால் குறியீட்டு எண் நாட்டில் புகுத்தப்பட்டது. கிருஷ்ணகிரி பக்கத்து எண்கள் 635 எனத் தொடங்கும். கோலார் பக்கத்து எண்கள் 563 எனத் தொடங்கும். இலக்கங்கள் அவையே, வரிசைதான் வேறு. எழுதுபவர் கை சற்றுத் தவறினால் கடிதம் மாநிலம் தாண்டிவிடும். எல்லைக்கு அப்பால் குடியேறியவருக்கு ஊரை மட்டும் திருத்தி, எண்ணைத் திருத்தாமல் விடுவதும் இத்தகைய பிழையே. 2025இல் தபால் இலாகா வெளியிட்ட டிஜிபின் என்னும் புதிய குறியீடு நான்கு மீட்டர் சதுர இடத்தையும் சுட்டிக்காட்ட வல்லது. ஆயினும் அது இடத்தைக் காட்டுமேயன்றி, அங்கே இன்று யார் வசிக்கிறார் என்பதைக் காட்டாது. அதைச் சங்கமே அறிந்து வைத்தல் வேண்டும்.

"பணம் இப்போது பாங்குக் கணக்கிற்கே போகிறதே, விலாசம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நோட்டீஸ் பாங்குக் கணக்கிற்குப் போவதில்லை. சரியான விலாசமிட்டு, முன்பணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 27ஆம் பிரிவு காட்டும் நெறி. எனவே விலாசம் சரிதானா என்பது வழக்கின் உயிர்நிலையாகிவிடும்.

நான் ஆய்வு செய்த ஒரு சங்கத்தில், ஓசூரில் மகன் வீட்டிற்குச் சென்றுவிட்ட விவசாயி ஒருவருக்குத் தவணை பாக்கி நோட்டீஸ் பழைய விலாசத்திற்கே மும்முறை சென்று திரும்பியிருந்தது. அவரோ உரம் வாங்க வந்த நாளில் தம் மாற்றத்தை விற்பனையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். சொன்னது கடை வாசலோடு நின்றது. வட்டி மட்டும் நிற்கவில்லை.

இதனைத் தவிர்க்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை, ஒழுங்கே வேண்டும்.

1. மாற்றத்தைக் கேட்ட ஊழியர் அங்கேயே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, அங்கத்தினரின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை பெற்றுக் காரியதரிசியிடம் சேர்க்க வேண்டும்.

2. பதிவேட்டில் பழைய விலாசத்தைச் சுரண்டி அழித்தல் கூடாது. ஒற்றைக் கோடிட்டு, புதியதை எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். எந்த நாளில் எந்த விலாசம் இருந்தது என்பதற்குப் பின்னாளில் அதுவே சாட்சி.

3. அங்கத்தினர் பதிவேடே மூலம். கடன் பேரேடு, நூல் வழங்கும் பதிவேடு, மகாசபை நோட்டீஸ் பட்டியல் ஆகிய யாவும் அதனின்று, பெயரால் மட்டுமன்றி அங்கத்தினர் எண்ணாலும், அன்றே திருத்தப்பட வேண்டும்.

4. திரும்பி வந்த தபாலைக் கட்டி மூலையில் போடாமல், தபால்காரர் எழுதிய குறிப்பைப் படிக்க வேண்டும். "வீடு மாறிவிட்டார்" எனில் விசாரணை. "இறந்துவிட்டார்" எனில் நியமனதாரருக்குக் கடிதம். "வாங்க மறுத்தார்" எனில் விலாசத்தில் பிழையில்லை.

5. கூலி, நூல், உரம், டிவிடெண்டு வழங்கும் நாட்களே சரிபார்க்கும் நாட்கள். "விலாசமும் தொலைபேசி எண்ணும் பழையவைதாமா?" என்னும் ஒரு கேள்வி போதும்.

புதிய இடத்திற்குத் தபாலைத் திருப்பியனுப்புமாறு தபாலாபீசில் எழுதிக் கொடுப்பதும் நன்று. ஆனால் அந்த ஏற்பாடு குறிப்பிட்ட காலம்வரைதான் செல்லும். அதை நம்பிச் சங்கத்திற்குத் தெரிவியாமல் இருத்தல் தகாது.

நெசவாளத் தோழர்களே, விவசாயப் பெருமக்களே! குடிபெயரும்போது ரேஷன் அட்டையை மறவாது மாற்றுகிறீர்கள். சங்கத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது, வாக்கு இருக்கிறது, நியமனதாரராக மனைவி மக்களின் பெயரும் இருக்கிறது. இவை உங்களையும் அவர்களையும் தேடி வரவேண்டிய வழி, பதிவேட்டின் அந்த ஒற்றை வரியே. அடுத்த முறை சங்கத்திற்கு வரும்போது அவ்வரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.